மாட்டுப்பட்டி

ஆனைக்கல் தோட்டத்தில் ராக்காயியைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை. கூலிக் குடியிருப்பு வரிசையான லயத்தின் குழாயடியில் அவளுடைய குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு எவளாவது முந்திக்கொண்டால்கூட வாயைத் திறக்காமல் மறுபடி கடைசியில் போய் நிற்பாள். அப்படிப்பட்டவள், அந்த வருஷம் மாசி மாதம் ஹட்டனில் விசாரணைக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தாள். சோற்றுப்பானையை நங்கென்று இறக்கினாள். மகன் வீரய்யா ஏதாவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள்.

விசாரணை பிரஜாவுரிமைக்கு. சுதந்திரம் வந்த சூட்டோடு தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கிய சட்டம் வந்தது. அதற்குப் பிறகு, உலக யுத்தத்துக்கு முன்னாலிருந்தே இடைவிடாமல் இந்த நாட்டில் குடியிருந்தவர்கள் எழுதிக் கேட்கலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. ராக்காயியும் எழுதிக் கேட்டிருந்தாள். எட்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது, யுத்தம் தொடங்கியதிலிருந்து மூன்று வருஷத்துக்கு வரும்வரைக்கும். அந்த மூன்று வருஷமும் அவள் பெயர் தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் இல்லை. எங்கே இருந்தாய் என்று கேட்டார் விசாரணைக்கார ஐயா. பலாமரத்து மேட்டில் சொந்தமாக வீடு கட்டி இருந்தோம் என்றாள்.

தோட்டத்தின் சார்பில் வந்திருந்தவர் கண்டாக்கு இராமையா. மலைக்காட்டு வேலையெல்லாம் அவர் மேற்பார்வையில்தான் நடக்கும். துரைக்கு அடுத்த ஆள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மேட்டில் வீடு எதுவும் இருந்ததில்லை, தோட்டத்து மாட்டுப்பட்டி ஒன்றுதான் இருந்தது, அதுவும் தானாக எரிந்துபோனது என்று சொன்னார். ராக்காயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அந்த வீட்டுக்கு நெருப்பு வைத்தவரே அவர்தான்.

விசாரணையைச் சில மாதம் தள்ளி வைத்தார்கள். வேறு சாட்சி இருந்தால் கொண்டு வா என்றார்கள்.

வீடு இருந்தது உண்மை. கலியாணமான புதிதில் ராக்காயியும் புருஷன் மூக்கனும், மாமியார் மாமனார், கொழுந்தன் குடும்பம் என்று ஒரே லயத்துக் காம்பராவில் ஒன்பது பேராகக் கிடந்தார்கள். மூக்கனுக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்து எல்லையில், கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் சரிவில், பலாமரங்களுக்கு நடுவே ஒரு பழைய கல்மேடை கிடந்தது. எந்தக் காலத்திலோ சிங்களக் குடியானவர்கள் வீடு கட்டியிருந்த இடம். காப்பித் தோட்டம் வந்தபோது நிலம் வெள்ளைக்காரன் கைக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பத்தின் வழியில் வந்த முதியான்சே கீழே கிராமத்தில் இருந்தார். மூக்கன் அவரிடம் போய்க் கேட்டான். எங்கள் காணியும் இல்லை, உங்கள் காணியும் இல்லை, சும்மா கிடக்கிற கல்லில் குடியிருந்தால் கல் கோபித்துக்கொள்ளாது என்று அவர் சிரித்தார். அப்போதிருந்த கிழட்டுத் துரையும், மரக்கறி போட்டுப் பங்களாவுக்கும் கொஞ்சம் கொடு என்று சொல்லி விட்டுவிட்டார். மூக்கன் தோட்டத்தில் பெயர் வெட்டிக்கொண்டு வந்து, அந்தக் கல்மேடைமேல் கம்பு நட்டு, கமுகு வரிச்சுக் கட்டி, மண் அப்பி, மானாப்புல் வேய்ந்தான். மண் மிதித்ததும் தரை மெழுகியதும் ராக்காயி. வீரய்யா அந்த வீட்டில்தான் பிறந்தான். கோவா என்கிற முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்டுக் கினிகத்தேனைக் கடைத்தெருவுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றார்கள்.

கிழட்டுத் துரை போய்ப் புதுத் துரை வந்தார். எல்லைவரைக்கும் தேயிலை போடவேண்டும் என்றார். இராமையா அப்போது சின்னக் கண்டாக்கு. நல்ல பெயர் எடுக்கத் துடித்துக்கொண்டிருந்த வயசு. மூக்கன் கோவா மூட்டையோடு கினிகத்தேனைக்குப் போயிருந்த ஒரு காலையில் நாலு ஆட்களோடு வந்தார். ராக்காயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கண் முன்னாலேயே கூரையில் தீப்பந்தத்தைச் செருகினார்கள். திரும்பி வந்த மூக்கன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்டாக்கைத் தேடிப் போனான். பொலிசு அவனை அடித்து இழுத்துப்போய் வைத்திருந்து, விட்டபோது இருமலோடு வந்தான். அந்த இருமலிலேயே சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். கொழுந்து பறிக்க ஆள் குறைவாக இருந்ததால் ராக்காயியை மறுபடி பெயர் பதிந்து லயத்தில் ஒரு காம்பராவும் கொடுத்தார்கள்.

பலாமரத்து மேட்டில் தேயிலை போடவே இல்லை. கல் அதிகம் என்று விட்டுவிட்டார்கள். மானாப்புல்லும் உண்ணிச்செடியும் மண்டி, வீடு இருந்த இடம் ஒரு திட்டாகக் கிடந்தது.

அந்தத் திட்டைத் தோண்டத்தான், விசாரணைக்கு இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பழங்காலத்துப் பொருளைத் தேடித் தோண்டும் உத்தியோகக்காரர்கள். கூலியாட்களைத் தோட்டமே கொடுக்கும் என்று ஏற்பாடு. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் புதிதாக வந்திருந்த கணக்கப்பிள்ளைக்குப் பழங்கதை எதுவும் தெரியாது. மண் வெட்ட நாலு ஆண்கள், மண் சுமக்க ஆறு பெண்கள் என்று பெயர் கூப்பிட்டார். அந்த ஆறில் ராக்காயியும் ஒருத்தி. கண்டாக்கு அன்றைக்குத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தார்.

ராக்காயி முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினேழு பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கப் போனால்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு போனவள், கூடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள்.

தோண்ட வந்த அதிகாரியின் பெயர் இராசரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயசிருக்கும், மெலிந்த உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர். நூல் கட்டி, முளை அடித்து, திட்டைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார். மண்வெட்டியால் வெட்ட விடவில்லை; மேசன் கரண்டியால் சுரண்டச் சொன்னார், தூரிகையால் கூட்டச் சொன்னார். கூலியாட்களை அம்மா, ஐயா என்றுதான் கூப்பிட்டார். அது பெண்களுக்குப் புதிதாக இருந்தது. எதற்கு இந்தக் காட்டைத் தோண்டுகிறீர்கள் என்று வேலாயி கேட்டபோது பொறுமையாகப் பதில் சொன்னார்.

“அரசன்ர மாளிகையளையும் கோயிலுகளையும் எல்லாரும் கிண்டிப் பாத்திட்டினம். ஏழைச்சனம் எப்பிடிக் குடியிருந்ததெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. இது ஒரு குடியானவன்ர வீடு. அதைத்தான் தேடுறம்.”

ராக்காயிக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

மூன்றாவது நாள் புல் வேரும் உண்ணி வேரும் போய்க் கரி தட்டியது. கரிக்குக் கீழே செங்கல் மாதிரி வெந்த மண்கட்டிகள், ஒவ்வொன்றிலும் வரிச்சுப் பதிந்த கோடு. அவளுடைய சுவர். அதற்கும் கீழே சாணி மெழுகிய தரை, இன்னும் மினுமினுப்பு போகாமல். ராக்காயி முழந்தாளிட்டுச் சுரண்டிக்கொண்டே போனாள். மூலையில் அடுப்பு வந்தது. கணவாய்க் காற்று வாசல் வழியாக நேரே வந்து தீயை அலைக்கழிக்கும் என்று அவள்தான் அடுப்பின் வாயைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். அது அப்படியே இருந்தது. பக்கத்தில் நெளிந்துபோன எனாமல் கோப்பை ஒன்று. போத்தல் விளக்கின் கழுத்து. பாதி எரிந்த கதவுப் பலகை.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் சுரண்டிக்கொண்டிருந்த வேலாயி, என்னடி குளிருதா என்று கேட்டாள். வேலாயி பிற்பாடு இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ராக்காயி தலையாட்டினாள்.

மத்தியானம் இராமையா குடையும் அரைக்கால் சட்டையுமாக வந்து சேர்ந்தார். குழியில் ராக்காயியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பார்க்காதவர் மாதிரி அதிகாரியிடம் போனார். இராசரத்தினம் எரிந்த கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இது பழையதில்லை, இருபது வருஷத்துக்கு உள்ளானதுதான், இங்கே என்ன இருந்தது என்று கேட்டார்.

தோட்டத்து மாட்டுப்பட்டி என்றார் கண்டாக்கு.

“மாட்டுப்பட்டியில அடுப்போ?”

“மாட்டுக்காரப் பய எவனாவது சோறாக்கியிருப்பான் சார்.”

இராசரத்தினம் அடுப்பை இன்னொரு தரம் பார்த்தார். சுருங்கிய முகம் விரிந்தது; சரி என்று தலையசைத்து எழுதிக்கொண்டார். மேல்படை மாட்டுப்பட்டி. அதை அகற்றிவிட்டுக் கீழே போகலாம்.

ராக்காயி எழுந்து நின்றாள். முழங்காலெல்லாம் கரி.

“அது மாட்டுப்பட்டி இல்லைங்க ஐயா. என் வீடு.”

சுரண்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. கண்டாக்கு சிரித்தார். இந்தப் பொம்பிளைக்குப் புருஷன் போனதிலிருந்து மனசு சரியில்லை என்று அதிகாரியிடம் இங்கிலீசில் சொன்னார். இங்கிலீசு தெரியாவிட்டாலும் அவர் நெற்றிப் பொட்டில் விரலைச் சுழற்றியது ராக்காயிக்குப் புரிந்தது.

அன்று வேலை முடிந்ததும் அவள் இராசரத்தினத்தின் கூடாரத்துக்குப் போனாள். மூக்கன் கட்டியது, தீ வைத்தது, ஹட்டன் விசாரணை, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கொடுத்தார், கேட்டார். கடைசியில், அது குடியிருந்த வீடுதான், தனக்கும் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். விசாரணைக்கு வந்து அதைச் சொல்ல வேண்டும் என்று ராக்காயி கேட்டபோது மட்டும் பார்வையை மப்ளர் நுனிக்கு இறக்கிவிட்டார். நான் அரசாங்க உத்தியோகத்தன், மேலிடத்தில் கேட்க வேண்டும், இந்தக் காலத்தில் தமிழ் உத்தியோகத்தன் ஒவ்வொரு காலையும் பார்த்துத்தான் வைக்கவேண்டியிருக்கிறது என்றார். மேல்படையை நாளைக்கு எடுத்தேயாக வேண்டும், மழைக்கு முன்னால் கீழ்வீட்டைப் பார்த்து முடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ராக்காயி தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

லயத்துக்குத் திரும்பியவள் நேரே தோட்டக் கமிட்டித் தலைவர் கணேசமூர்த்தி வீட்டுக்குப் போனாள். அவர் தொழிற்சங்க ஆபீசுக்கு எழுதிப் போடலாம், பெரியவர்கள் வந்து பேசட்டும், அதுவரைக்கும் பொறுமையாக இரு என்றார். நாளைக்கு வீட்டை அள்ளிக் கொட்டப் போகிறார்கள், உங்கள் காகிதம் என்றைக்குப் போய்ச் சேரும் என்று கேட்டாள். அங்கிருந்து வேலாயி வீட்டுக்குப் போனாள். வேலாயி முழுசாகக் கேட்டுவிட்டு, அடிப்பாவி, மூணு நாளா ஒங்க வீட்டைத்தானா நான் செருப்புக் காலோட மிதிச்சேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளே மற்ற நாலு பேரையும் கூப்பிட்டுப் பேசினாள்.

மறுநாள் காலையில் ஆறு பெண்களும் குழிக்குப் போனார்கள். கரண்டியை எடுக்கவில்லை. மெழுகிய தரையில் அடுப்பைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் நாலு பேரும் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டுப் பலாமரத்தடிக்கு ஒதுங்கினார்கள். இராசரத்தினம் கெஞ்சிப் பார்த்தார். கண்டாக்கைக் கூப்பிட ஆள் போனது. கண்டாக்குக்கு முன்னால் துரையே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். இவர் வந்து நாலைந்து வருஷம்தான். நெருப்பு வைக்கச் சொன்ன துரை எப்போதோ சீமைக்குப் போய்விட்டார்.

என்ன கலாட்டா என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார் துரை. ராக்காயி உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

“இது நான் குடியிருந்த வீடு தொரை. எரிச்சவரு மாட்டுப்பட்டிங்கிறாரு. அவரு வாயால வீடுன்னு சொல்லணும். சொன்னா நாங்களே இத அள்ளிப் போடுறோம்.”

அதற்குள் இராமையா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். துரை முன்னால், தோண்ட வந்த உத்தியோகக்காரர்கள் முன்னால், கூலியாட்கள் முன்னால் தன்னை ஒரு பெண் எழுந்திருக்காமல் பேசியது அவருக்கு மண்டையில் ஏறிவிட்டது. குழிக்குள் இறங்கி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ராக்காயி அடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நெருப்பு வச்ச கைதானே இது, இதை எடு என்று சொன்னாள்.

“பொய் சொல்றா தொரை. இவளுக்கு நான் என்ன அநியாயம் பண்ணிட்டேன்? சாமான வெளிய எடுத்துக்கன்னு சொல்லி, நேரமும் குடுத்துத்தானே வச்சேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பிடித்திருந்த கை தானாக விட்டது. ஆறு பெண்களும் கேட்டார்கள். பலாமரத்தடியில் நின்ற ஆண்கள் கேட்டார்கள். துரை கேட்டார், கேட்காதவர் மாதிரி மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பினார். இராசரத்தினம் இரண்டடி தூரத்தில் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

வேலாயிதான் சொன்னாள்: “மாட்டுக்கு எதுக்குங்க சாமான்?”

துரை போய்விட்டார். கண்டாக்கும் பின்னாலேயே போனார். இராசரத்தினம் அன்றும் மறுநாளும் கீழே தோண்டவில்லை. மேல்வீட்டை அளந்தார், சுவர் எங்கே, வாசல் எங்கே, அடுப்பு எங்கே என்று வரைந்தார், ராக்காயியை அடுப்பருகே நிற்க வைத்துப் படமெடுத்தார். முடித்தபின், விசாரணைக்கு வருகிறேன் அம்மா என்று அவராகவே சொன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் ராக்காயி கரண்டியைக் கையில் எடுத்தாள். அடுத்த நாள் முழுக்க அவள் தன் வீட்டுச் சுவரையும் தரையையும் கூடை கூடையாகத் தானே சுமந்து சரிவில் கொட்டினாள். நாள் சம்பளத்துக்கு. அழுகை வரவில்லை. கொட்டும்போதெல்லாம் மூக்கனைப் பொலிசு இழுத்துப்போன வழி கண்ணில் பட்டது.

கீழே பழைய வீடு வந்தது. நாலு பக்கமும் அறை, நடுவில் சின்ன முற்றம், நெல் குத்திய கல்லுரல், தூண் நட்ட குழிகள். முதியான்சே ஒரு நாள் ஏறி வந்து பார்த்துவிட்டு, அந்தக் கல்லுரலைத் தொட்டுவிட்டுப் போனார். கொழும்பிலிருந்து பெரியவர்கள் காரில் வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

மறு விசாரணை ஆவணியில் வந்தது. முதியான்சே வெள்ளைச் சாரமும் கோட்டும் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு வந்தார். அந்த வீட்டில் நான் சோறு தின்றிருக்கிறேன், இந்தப் பிள்ளை பிறந்தபோது கித்துள் கருப்பட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சிங்களத்தில் சொன்னார். விசாரணைக்கார ஐயா, உனக்கு இவர்கள் வேண்டியவர்கள், வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். வேலாயியும் மற்றப் பெண்களும் கண்டாக்கு சொன்னதைச் சொல்ல வந்திருந்தார்கள். அவர்களுக்கே பிரஜாவுரிமை இல்லை, ஒருத்திக்கு ஒருத்தி சாட்சி சொல்லுவார்கள் என்று அதையும் ஒதுக்கினார். இராமையா பழையபடி மாட்டுப்பட்டி என்றார்.

கடைசியில் இராசரத்தினம் எழுந்தார். தான் வரைந்ததை விரித்தார். அது மாட்டுப்பட்டி அல்ல, மனிதர் குடியிருந்த வீடு, யுத்தம் தொடங்கிய காலத்தில் கட்டி, யுத்த காலத்தில் எரிந்தது என்று தெளிவாகச் சொன்னார். ராக்காயிக்குக் கண் நிறைந்தது. விசாரணைக்காரர் கேட்டார்: வீடு சரி, அதில் இவள்தான் இருந்தாள் என்று அந்தக் குழியில் கண்டுபிடித்தீர்களா?

இல்லை என்றார் இராசரத்தினம். மண் சொன்னதை மட்டும்தான் நான் சொல்லலாம். யார் இருந்தார்கள் என்று மண் சொல்லவில்லை.

வேறு ஏதாவது தெரியுமா?

ராக்காயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலாயி பார்த்துக்கொண்டிருந்தாள். இராமையா தன் குடைப் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராசரத்தினம் காகிதத்தைச் சுருட்டினார். வேறு ஒன்றும் இல்லை என்றார்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. மகனுடையதும் அதோடு போனது.

வெளியே புகையிரத நிலையத்துப் பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்த இராசரத்தினத்தை ராக்காயி ஓடிப்போய் மறித்தாள். வீரய்யா வேண்டாம் அம்மா என்று கையைப் பிடித்தான், உதறினாள்.

“கண்டாக்கு சொன்னத நீங்க கேட்டீங்கதானே ஐயா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கேட்டேன் என்றார் மெதுவாக. “ஆனா அது தோண்டி எடுத்த விசயமில்லை, அம்மா. என்ர வேலைக்குள்ள அது வராது. தோட்டத்தோட பகைச்சா நாளைக்கு எங்களுக்கு ஒரு இடமும் தோண்ட விடமாட்டினம். போன வருசக் கலவரத்தில கொழும்பில என்ர வீடும் எரிஞ்சது. மனுசியும் பிள்ளையளும் கப்பல்ல ஊருக்குப் போய்ச் சேந்தவை. நான் இந்த உத்தியோகத்தை நம்பித்தான் இருக்கிறன். உங்கட நிலைமை எனக்கு விளங்காமல் இல்லை.”

ராக்காயிக்கு அதுவரை இருந்த கோபம் வேறு, இப்போது வந்தது வேறு.

“ஒங்க வீட்ட எரிச்சவன் நாளைக்கு வந்து, அது மாட்டுப்பட்டின்னு சொல்றான்னு வைங்க. அவன் எரிச்சேன்னு சொன்னதக் காதால கேட்ட மனுசன் ஒருத்தன், மண்ணு அதச் சொல்லலன்னு சொல்லிட்டுப் போறான். அவன நீங்க என்னன்னு சொல்லுவீங்க ஐயா?”

அவர் காகிதச் சுருளை மற்றக் கைக்கு மாற்றினார்.

“அதையேதான் நானும் ஒங்களச் சொல்றேன். ஏழைச்சனம் எப்படி இருந்திச்சுன்னு பாக்க வந்ததாச் சொன்னீங்க. இருநூறு வருசத்துக்கு முந்தின ஏழைதான் ஒங்களுக்கு வேணும். உசிரோட இருக்கிற ஏழ வேணாம்.”

சொல்லிவிட்டு வழியை விட்டு விலகி நின்றாள். அவர் குனிந்த தலையோடு போனார். ரயிலில் ஏறும்வரைக்கும் திரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் பெரட்டு. இராமையா செக்ரோலைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். வேலாயி என்றார். வேலாயி எதிரே நின்றாள், பதில் சொல்லவில்லை. மீனம்மா என்றார். மீனம்மா அவர் முகத்தையே பார்த்தாள். ராக்காயி என்றார். சத்தமில்லை. இது முந்தின நாள் பஸ்ஸில் வரும்போதே பெண்கள் பேசி, இரவே லயத்துப் பெண்களிடமெல்லாம் சொல்லி முடிவு செய்தது. விசாரணைக் கந்தோரில் நம் பேச்சு எடுபடவில்லை; எடுபடுகிற இடம் கொழுந்து மலைதான். அவர் வாயால் கூப்பிட்டால் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. வேறு யார் கூப்பிட்டாலும் வேலைக்குப் போகலாம்.

முதல் நாள் கண்டாக்கு கத்தினார். மறுநாள், எல்லோருக்கும் இன்றைக்குப் பெயர் பதிவு இல்லை, சம்பளம் இல்லை என்றார். அந்த வாரம் முழுக்க நல்ல மழையும் வெயிலும் மாறி மாறி அடித்துக் கொழுந்து துளிர்த்துத் தள்ளியது. பறிக்க ஆளில்லாமல் முற்றியது. கணேசமூர்த்தி முதலில் தயங்கினார். பிறகு லயத்தில் சோறு கேட்டு அழுத பிள்ளைகளுக்குச் சங்கத்திலிருந்து அரிசி வாங்கிக்கொண்டு வந்தார். ராக்காயியின் வீட்டு அடுப்பு இரண்டு நாள் எரியவில்லை. வீரய்யா, யாருக்காக அம்மா இதெல்லாம், நம்ம காகிதம்தான் போய்விட்டதே என்றான். போனதுக்காகத்தான் என்றாள்.

இரண்டாவது வாரம் துரை பொறுக்கவில்லை. கணக்கப்பிள்ளையைப் பெயர் கூப்பிடச் சொன்னார். எல்லோரும் பதில் சொல்லிவிட்டு மலைக்குப் போனார்கள். கண்டாக்கு வராத இடமெல்லாம் வேலை நடந்தது. அவர் குடை தெரிந்த தேயிலை நிரையில் கைகள் நின்றன. மாதக் கடைசியில் இராமையாவைப் பொகவந்தலாவைப் பக்கம் அதே கொம்பனித் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். சம்பளம் கூடிய இடம் என்று பேசிக்கொண்டார்கள். சில பெண்கள் கும்மாளம் போட்டார்கள். ராக்காயி போடவில்லை. எரித்தவனுக்கு இட மாற்றம், எரிந்தவளுக்கு நாடே இல்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

பலாமரத்து மேட்டைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். சிங்களத்திலும் இங்கிலீசிலும் ஒரு பலகை நட்டார்கள். கண்டி இராச்சியத்துக் குடியானவன் வீடு, தொடக் கூடாது என்று அதில் எழுதியிருப்பதாக முதியான்சே படித்துச் சொன்னார். வருஷங்கள் போயின. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு அரசாங்கங்களும் கூடி உட்கார்ந்து, இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று தோட்டத்துச் சனங்களைப் பங்கு போட்டன. ராக்காயி யார் பங்கில் வந்தாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். பள்ளிக்கூட வாத்திமார், கொழும்புக் குடும்பங்கள், சில நேரம் வெள்ளைக்காரர்கள். யார் வந்தாலும் ராக்காயி விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு வேலியருகே போய்விடுவாள். அவளுக்குச் சிங்களம் நன்றாகவே வரும்.

“நீங்க பாக்கிற வீட்டுக்கு மேல இன்னொரு வீடு இருந்திச்சு. நாங்க இருந்தோம். இராமையான்னு ஒரு கண்டாக்கு எரிச்சான். எரிச்சேன்னு அவனே சொன்னான். அதக் கேட்டுக்கிட்டு நின்ன பெரிய உத்தியோகக்காரரு ஒருத்தரு, ஒண்ணுமே கேக்கலன்னு சொன்னாரு. அந்த வீடு இந்தா, இந்தச் சரிவுல கெடக்கு. நான்தான் சொமந்து கொட்டினேன்.”

சிலர் சங்கடப்பட்டுச் சிரிப்பார்கள். சிலர் காசை நீட்டுவார்கள், அவள் தொடமாட்டாள். ஒரு கினிகத்தேனை வாத்தியார் மட்டும் சரிவில் இறங்கி, அவள் காட்டிய இடத்தில் புல்லை விலக்கி வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார். மேட்டுக்குப் போட்டிருந்த காவல்காரன் துரையிடம் முறையிட்டான். துரை அவளைக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் இப்படிப் பேசக் கூடாது என்றார். அவள், நான் சொன்னதில் எது பொய் என்று கேட்டாள். துரை கை அசைத்துப் போகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறையச் சனம் வந்து இறங்கியது. ராக்காயி விறகை இறக்கிவைத்துவிட்டு வேலியை நோக்கி நடந்தாள்.